சார்ந்திருப்பவள்

விசா ஆலோசகருக்கு அவர்களைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்பதே தெரியாது. மீதிப் பேர், மச்சினர் போய்விட்டார் என்பதற்காகத் தாங்களும் கிளம்புகிறவர்கள். இந்த மனிதர் அப்படியில்லை. லிஃப்ட் மெக்கானிக். வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று எழுதிக் கொடுத்ததைக் கையோடு கொண்டு வந்திருந்தார். கூட வந்த பதினாறு வயதுப் பெண் பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே அவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“அப்பாவுக்கு நாப்பத்திமூணு வயசு மேடம். நாப்பத்தஞ்சு தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கு. மொழித் தேர்வு ஒரு தடவை எழுதினார், எழுத்துல மட்டும் கொஞ்சம் குறைஞ்சிடுச்சு. உங்களுக்குப் பிடிச்ச இடம் எதுன்னு கட்டுரை கேட்டிருந்தாங்க. இவரு லிஃப்ட் குழியைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்துட்டார்.”

“அப்பா பேச மாட்டாரா?” என்று ஆலோசகர் கேட்டார்.

“பேசுவேன் மேடம். கொஞ்சம் இடைவெளி கிடைச்சா” என்றார் லிஃப்ட்காரர்.

ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விளக்கத் தொடங்கினார். ஒரே விஷயத்தைப் பல வருடங்களாகச் சொல்லிவந்தாலும் அவர் குரலில் சலிப்பில்லை.

“உங்களுக்கு மூணு வழி இருக்கு சார். ஒண்ணு, புள்ளிக் கணக்கு. வயசு, படிப்பு, அனுபவம், மொழி, எல்லாத்துக்கும் மார்க் போட்டு வரிசையில நிக்க வைப்பாங்க. நாப்பதைத் தாண்டிட்டா வயசுக்கு ஒண்ணும் பெருசா வராது. அது வேணாம். ரெண்டாவது, தற்காலிக வேலை விசா. சீக்கிரம் கிடைக்கும், ஆனா வேலை போச்சுன்னா மறுபடி பெட்டியைக் கட்டணும். மூணாவது, கம்பெனியே பொறுப்பேத்துக்கிட்டு உங்களை நிரந்தரமா கூப்பிடறது. லிஃப்ட் மெக்கானிக்கெல்லாம் அங்க ஆள் கிடைக்காத தொழில். மொழித் தேர்வை மட்டும் இன்னொரு தடவை எழுதி பாஸ் பண்ணிடுங்க. குடும்பத்தையும் அதே மனுவுல சேர்த்துக்கலாம். உங்க மனைவி?”

“தவறிட்டாங்க மேடம். நாலு வருஷமாச்சு.”

ஆலோசகர் அதை மனுத் தாளில் குறித்துக்கொண்டார். பிறகு மெதுவாக, “அப்போ பொண்ணு மட்டும்தான். டிபெண்டன்ட். அப்படின்னா உங்களைச் சார்ந்திருக்கறவங்க” என்றார்.

“காலையில சாக்ஸ் எங்கன்னு கேக்கறது அவருதான் மேடம்” என்றாள் பெண். “யாரு யாரைச் சார்ந்திருக்காங்கன்னு நல்லா விசாரிச்சு எழுதுங்க.”

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் ஆலோசகர் அவளுடைய பிறப்புச் சான்றிதழை எடுத்து விரித்தார். தகப்பன் பெயர் என்ற இடத்தில் வேறொரு பெயர் இருந்தது. அவர் நிமிர்ந்து லிஃப்ட்காரரைப் பார்த்தார்.

“அது அம்மாவோட முதல் வீட்டுக்காரர் பேரு” என்று பெண்ணே சொன்னாள். “அவரை எனக்குத் தெரியாது. அப்பா இவருதான்.”

“சட்டப்படி தத்தெடுத்திருக்கீங்களா சார்?”

லிஃப்ட்காரர் இல்லை என்று தலையசைத்தார். அப்படி ஒன்று தேவைப்படும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ அங்க இருக்கற அதிகாரி கணக்குல, இவங்க உங்களுக்கு யாருமில்ல சார்.”

அந்த வார்த்தைகளை அவர் எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மென்மையாகத்தான் சொன்னார். இருந்தும் வாயாடிப் பெண் வாயடைத்துப் போனாள்.

லிஃப்ட்காரர் அவளுக்கு வைத்த பெயரே ‘வாயாடி’தான். அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஒரு மருத்துவமனை லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணும் அவளுடைய குழந்தையும். பழுது பார்க்க வந்த இவர், மேல் மாடியில் கதவைக் கொஞ்சம் திறந்து, தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, இடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தார். உள்ளேயிருந்து பயந்த அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். கேள்விதான் வந்தது.

“லிஃப்ட் எங்களை முழுங்கிடுச்சா?”

“முழுங்கல. சும்மா வாயில வச்சிருக்கு. கொஞ்ச நேரத்துல துப்பிடும்.”

“அதுக்குப் பல்லு இருக்கா?”

“எல்லாம் கொட்டிப்போச்சு. வயசான லிஃப்ட்.”

வெளியே வந்ததும் குழந்தையின் தாய் நன்றி சொல்லவில்லை. “இவ கேக்கறதுக்கெல்லாம் அலுக்காம பதில் சொன்ன முதல் ஆள் நீங்கதான்” என்றாள். அடுத்த மாதமே அந்த லிஃப்டில் இல்லாத பழுதெல்லாம் பார்க்க அவர் அடிக்கடி போகத் தொடங்கினார். மறு வருடம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். மணமக்களுக்கு நடுவில் நின்றுகொண்டு தானும் கையெழுத்துப் போடுவேன் என்று குழந்தை அடம்பிடித்தது.

ஆறு வருடங்கள் மூன்று பேராக இருந்தார்கள். பிறகு நோய் வந்து மனைவியைக் கொண்டுபோய்விட்டது. காரியங்கள் முடிந்ததும் அவளுடைய அண்ணன் குழந்தையைத் தன்னோடு அழைத்துப் போக வந்தார். பெண் குழந்தை, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். வாயாடி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்பாவுக்கு ஒரு டீ கூட ஒழுங்கா போடத் தெரியாது மாமா. நான் வந்துட்டா அவரு என்ன பண்ணுவார்?” என்றாள். அண்ணன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தனியாகத்தான் திரும்பிப் போனார்.

வெளிநாடு போகும் யோசனையும் அவளுடையதுதான். போன வருடம் லிஃப்ட்காரர் குழிக்குள் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பாதுகாப்பு வாரை மாட்டாமல் இறங்கச் சொன்னது கம்பெனி. மாட்டாமல் இறங்கியது இவர். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் நலம் விசாரிக்கப் போன் பண்ணியபோது, “இங்கயெல்லாம் வார் மாட்டலன்னா குழிப் பக்கமே விடமாட்டாங்க” என்று சொல்லிவிட்டார். அதைக் காதில் வாங்கிய நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. விசா வகைகளை அவள் பாடப் புத்தகத்தைவிட நன்றாகப் படித்திருந்தாள். ஆனால் தான் அவருக்கு யார் என்று யாராவது கேட்பார்கள் என்பதை மட்டும் அவளும் யோசிக்கவில்லை.

ஆலோசகர் மீண்டும் பேசினார். இப்போது அவர் குரலில் கொஞ்சம் அவசரம் இருந்தது.

“கோர்ட்ல மனுப் போட்டு முறையா தத்தெடுக்கலாம். இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்திருக்கீங்க, பள்ளிக்கூடத்துல, ஆஸ்பத்திரியில எல்லாம் நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. விசாவுக்காகப் பண்ணினதுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா பெத்தவர் உயிரோட இருந்தா அவர் சம்மதம் வேணும். அவர் எங்க இருக்கார்னே தெரியலன்னா பத்திரிகையில விளம்பரம் கொடுத்து, காத்திருந்து, அதுக்குள்ள இவங்களுக்குப் பதினெட்டு முடிஞ்சிடும். முடிஞ்சிட்டா இந்த மனுவுல சேர்க்க முடியாது. அதுக்கு முன்னாடி மனு உள்ள போயிடுச்சுன்னா கவலையில்ல. மனு போன தேதியைத்தான் பார்ப்பாங்க.”

“நான் படிக்கற விசாவுல பின்னாடி வரலாம்ல மேடம்?” என்றாள் பெண். “அப்பா முதல்ல போகட்டும்.”

“வரலாம். அது தனி மனு. கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது.”

“அந்தப் பேச்சே வேணாம்” என்றார் லிஃப்ட்காரர். அன்று அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

பெற்றவர் இருக்கும் இடம் தாய்மாமனுக்குத் தெரிந்திருந்தது. அவன் பெயரைச் சொல்லவே அவருக்கு நாக்கு கூசியது. “அந்த ஆளு” என்றுதான் சொன்னார். நகரத்தின் இன்னொரு கோடியில் வண்டி பேட்டரிக் கடை வைத்திருக்கிறானாம். கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறதாம்.

“அவன்கிட்ட போய் நிக்கணுமா மாப்ள?” என்று போனில் கேட்டார்.

“அவளுக்காகன்னா எங்க வேணும்னாலும் நிப்பேன் மச்சான்.”

மகளிடம் சொல்லாமல் ஒரு முற்பகலில் அவர் மட்டும் போனார். கடை வாசலில் பழைய பேட்டரிகள் சுவர் போல அடுக்கியிருந்தன. உள்ளே சட்டை முழுக்க அமிலம் பட்டுப் பொத்தல் விழுந்த ஒருவர் குனிந்து ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது லிஃப்ட்காரருக்குத் திக்கென்றது. வாயாடியின் புருவம். அவளுடைய அதே கோணல் முன்பல்.

“என்ன வண்டி சார்?” என்றார் பேட்டரிக்காரர்.

வண்டி இல்லை என்று சொல்லி, தான் யார் என்பதையும் எதற்காக வந்திருக்கிறார் என்பதையும் லிஃப்ட்காரர் சொன்னார். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு, நேரில் தடுமாறியது. பேட்டரிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அவ போயிட்டாளா?” என்று கடைசியில் கேட்டார். முதல் மனைவி இறந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

“நாலு வருஷமாச்சு.”

பேட்டரிக்காரர் தெருவைப் பார்த்தார். “எனக்கு முன்னாடி ஒரு கல்யாணம் ஆச்சு, ஒரு குழந்தை இருக்குன்னு என் வீட்டுல தெரியாது சார். சொல்லாமலே கட்டிக்கிட்டேன். சொல்லணும், சொல்லணும்னு நினைச்சு, நாள் ஆக ஆக சொல்லவே முடியாமப் போச்சு. இப்ப கோர்ட்டுக்கு வந்து நின்னா வீட்டுக்குத் தெரியாம இருக்குமா? எனக்குன்னு இருக்கறது இந்தக் குடும்பம் ஒண்ணுதான். மன்னிச்சுக்கங்க.”

லிஃப்ட்காரருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் தன் எண்ணை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அன்று மாலை வீட்டில் அவர் ரொம்ப உற்சாகமாக இருந்தார். அது போதும், மகள் கண்டுபிடித்துவிட. வெளிநாடெல்லாம் நமக்குச் சரிப்படாது, குளிர் எலும்புக்குள் இறங்குமாம், முறிந்த கைக்கு ஆகாது என்றார். இங்கேயே வேறு கம்பெனி பார்க்கலாம் என்றார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“எங்க போயிட்டு வந்தீங்க?”

“எங்கயும் போகலையே.”

“அப்பா.”

அவர் உள்ளதைச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. வெங்காயம்தான் என்று சொல்லிக்கொள்ளும் வசதி இருவருக்கும் இருந்தது.

“அவர் முடியாதுன்னு சொன்னதுக்காக எனக்கு வருத்தமில்ல” என்றாள். “நீங்க ஏன் தனியா போய் அசிங்கப்பட்டீங்க? இது என் விஷயம்ல? நான் கேக்க வேண்டியது. நாளைக்கு ரெண்டு பேரும் போலாம்.”

“வேணாம்டா. அவரும் பாவம்.”

“நான் ஒண்ணும் சண்டை போட மாட்டேன். ஒரு தடவை கேட்டுட்டு வந்துடலாம். முடியாதுன்னா முடியாது.”

மறுநாள் போனபோது கடையை ஒட்டியிருந்த வீட்டு வாசலில் ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி பொம்மைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். வாயாடியைப் பார்த்ததும், “உனக்கும் காய்ச்சலா? வரிசையில நில்லு” என்றாள். வாயாடி மறுபேச்சில்லாமல் பொம்மைக்குப் பின்னால் போய் நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டே கடையிலிருந்து வெளியே வந்த பேட்டரிக்காரர் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். யார் என்று அவருக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் அவருக்கு எதிரே போய் நின்றாள். என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்சம் திணறி, கூப்பிடாமலே பேசினாள்.

“உங்களைக் கஷ்டப்படுத்த வரல. எங்கப்பா வேலை செய்யற இடம் ஆபத்தானது. அவரு பத்திரமா இருக்கற இடத்துக்குப் போகணும். என்னை விட்டுட்டுப் போக மாட்டேங்கறார். அதுக்கு உங்க சம்மதம் தேவைப்படுது. அவ்வளவுதான்.”

“என் மேல கோவமா இருக்கியாம்மா?”

அவள் யோசித்தாள். “தெரியாதவங்க மேல எப்படிக் கோவப்படறது? அம்மா உங்களைப் பத்தித் தப்பா எதுவும் சொன்னதில்ல. எதுவுமே சொன்னதில்ல.”

பேட்டரிக்காரர் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். அப்போது உள்ளேயிருந்து அவருடைய மனைவி வந்தாள். கழுத்தில் அளவு நாடா, கையில் பாதி தைத்த பள்ளிச் சீருடை. வாயாடியையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் முகம் வெளிறிப்போய், “இவங்க வந்து... பேட்டரி...” என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தார்.

“போதும்” என்றாள் அவள். அதட்டலாக இல்லை. களைத்துப்போன மாதிரி. “எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடியே உங்க அக்கா என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீங்களா ஒருநாள் சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். இவ்வளவு நாள் ஆகும்னு நினைக்கல.”

இத்தனை வருடம் எதை மூடி மறைத்துக் காத்தாரோ அது யாருக்கும் மறைவாக இருக்கவேயில்லை என்பது பேட்டரிக்காரருக்கு உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு தோள்கள் குலுங்கின. சின்னப் பெண் ஓடிவந்து, “அப்பாவுக்கு என்ன ஆச்சு?” என்று பயந்தாள். அவள் தாய், “ஒண்ணுமில்ல. ஊசி போட்டுட்டாங்க, வலிக்குது” என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டாள்.

அந்த அம்மாள் அவர்களை உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். தையல் இயந்திரத்தின்மேல் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு டீ வைத்தாள். வாயாடியின் தலையைத் தொட்டுப் பார்த்து, “யாரு பின்னி விடறாங்க?” என்று கேட்டாள்.

“அப்பாதான். இப்ப நானே பின்னிக்கறேன். ஆனா பரீட்சை அன்னிக்கு மட்டும் அப்பா.”

“அது ராசி” என்றார் லிஃப்ட்காரர், சங்கடத்தோடு.

அந்த அம்மாள் அவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். “என்னிக்குப் போகணும்னு கேட்டு வச்சுக்கங்க. கடையை நான் பார்த்துக்கறேன்.”

நீதிமன்றத்தில் இரண்டு மூன்று முறை தேதி தள்ளிப்போயிற்று. ஒருமுறை நீதிபதி விடுப்பு, ஒருமுறை வக்கீலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் பேட்டரிக்காரர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து மரத்தடியில் நிற்பார். லிஃப்ட்காரரும் போய் பக்கத்தில் நிற்பார். முதல் நாள் இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த முறை லிஃப்டுக்குள் இருக்கும் அவசர விளக்கின் பேட்டரி ஏன் சீக்கிரம் போகிறது என்பதைப் பற்றிப் பேசினார்கள். அந்தப் பேச்சு நன்றாகவே ஓடியது.

இதற்கிடையில் லிஃப்ட்காரர் மொழித் தேர்வை மறுபடி எழுதினார். இந்த முறை அவருக்குப் பிடித்த மனிதரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். என்ன எழுதினார் என்று மகளிடம் கடைசிவரை சொல்லவில்லை. பாஸ் ஆகிவிட்டார்.

கடைசியில் விசாரணை வந்தபோது நீதிபதி, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி, முதலில் வாயாடியிடம் பேசினார்.

“இவருக்கு மகளா இருக்க உனக்குச் சம்மதமாம்மா?”

“பல வருஷமா இருந்துட்டுத்தான் இருக்கேன் மேடம். புதுசா சேரல.”

நீதிபதியின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. “இவரைப் பத்திச் சொல்லு.”

அவள் பேசத் தொடங்கினால் அவ்வளவுதான் என்று லிஃப்ட்காரர் பயந்தார். ஆனால் அவள் கொஞ்சமாகத்தான் சொன்னாள். அம்மா இறந்த பிறகு தனக்குத் தூக்கம் வராமல் இருந்ததையும், கதை சொல்லத் தெரியாததால் அவர் லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று தினமும் முதலிலிருந்து சொன்னதையும், கேட்டுக் கேட்டுத் தனக்கு இப்போது ஒரு லிஃப்டையே பிரித்து மாட்டத் தெரியும் என்பதையும். முதல்முதலில் மாதவிடாய் வந்தபோது என்ன செய்வது என்று தெரியாமல் மேல் வீட்டு அக்காவை அவர் கையோடு கூட்டிவந்து விட்டுவிட்டு, தான் மொட்டைமாடியில் போய் உட்கார்ந்திருந்ததையும். “அப்புறம் கடைக்குப் போய் வெந்நீர்ப் பை வாங்கிட்டு வந்தார் மேடம். மூணு வாங்கிட்டு வந்தார். எது நல்லதுன்னு தெரியலையாம்.”

லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீதிபதி பேட்டரிக்காரர் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன விட்டுக்கொடுக்கறீங்கன்னு புரிஞ்சுதான் சம்மதிக்கறீங்களா?”

“விட்டுக்கொடுக்க என்கிட்ட எதுவும் இல்லம்மா” என்றார் அவர். “இருந்ததை அன்னிக்கே விட்டுட்டேன். இவர் எடுத்து வச்சிருக்கார். அது இவர்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லத்தான் வந்தேன்.”

ஆணை வந்தது. வந்த கையோடு ஆலோசகர் மனுவை அனுப்பிவிட்டார். அப்போது வாயாடிக்குப் பதினெட்டாகச் சில மாதங்கள் பாக்கியிருந்தன. அதன் பிறகு மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, இடையில் இன்னும் சில தாள்கள் வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல். அந்த மின்னஞ்சலைப் பார்த்துத் தகப்பனும் மகளும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்க, ஆலோசகர் போனிலேயே சிரித்தார். “மறுக்கறவங்க இவ்வளவு அக்கறையா கேள்வி கேக்க மாட்டாங்க சார். போய்ச் சாப்பிடுங்க.”

காத்திருந்த அந்த மாதங்களில் வாயாடி ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டரிக் கடை வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினாள். அவள் போனது அந்தச் சின்னப் பெண்ணுக்காக. அக்கா என்று அது ஒட்டிக்கொண்டது. பேட்டரிக்காரரை அவள் இன்னமும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. அவள் வரும் நாளில் மட்டும் கடையை நேரத்தோடு மூடிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து, இரண்டு பெண்களும் அடிக்கும் கூத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கிளம்பும்போது போட்டுக்கொள்ளட்டும் என்று தையல்கார அம்மாள் அவளுக்கு ஒரு கம்பளிக் கோட்டின் உள்துணியைப் பிரித்து அளவாகத் தைத்துக் கொடுத்தாள்.

இருவருக்கும் விசா ஒரே நாளில் வந்தது.

புது ஊரில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகள். சன்னல்களை இறுக்கி மூடினாலும் எங்கிருந்தோ காற்று வரும். லிஃப்ட்காரரின் புதுக் கம்பெனியில் வார் மாட்டாமல் குழிக்குள் எட்டிப் பார்த்ததற்கே ஒருவருக்கு எச்சரிக்கை கொடுத்தார்களாம். அதை அவர் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார். வாயாடி கல்லூரியில் சேர்ந்தாள். முதல் வாரம் மொழி புரியாமல் வாய்மூடி இருந்தாள். இரண்டாவது வாரத்திலிருந்து பழையபடி ஆகிவிட்டாள்.

குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை பகலில், அவள் நூலகத்துக்குப் போயிருந்த சமயம், லிஃப்ட்காரரின் போன் அடித்தது. பேட்டரிக்காரர். வழக்கமாகச் சின்னப் பெண் பேசத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை அவர் தனியாகப் பேசினார்.

“ஒண்ணுமில்ல சார். அங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சுன்னு செய்தியில காட்டினாங்க. அதான்...” என்று இழுத்தார். “அவளுக்குக் குளிர் காத்து பட்டா காது வலிக்கும். கைக்குழந்தையா இருக்கும்போதே அப்படித்தான். சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன்.”

“இப்பவும் வலிக்குது” என்றார் லிஃப்ட்காரர். “பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் வெளிய போறா. எந்தக் காது, அப்போ?”

“இடது.”

“இடதுதான். இப்பவும் அதேதான்.”

வாயாடியின் ஐந்து வயதுக்குப் பிறகு நடந்தது ஒவ்வொன்றும் லிஃப்ட்காரருக்குத் தெரியும். அதற்கு முன்னால் உள்ளதைப் பற்றி மனைவி பேச விரும்பியதில்லை, இவரும் கேட்டதில்லை. அவள் எப்போது நடந்தாள், முதலில் என்ன சொன்னாள், எதைப் பார்த்துப் பயந்தாள் என்று அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் இப்போது மறுமுனையில் தயங்கிக்கொண்டிருந்தார்.

“வலிச்சா என்ன பண்ணுவா, அப்போ?” என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

“அழமாட்டா சார். காதைப் பிடிச்சுக்கிட்டு முறைப்பா. நாமதான் பண்ணிட்டோம்கற மாதிரி.”

லிஃப்ட்காரர் சிரித்துவிட்டார். நாற்காலியைச் சன்னலோரமாக இழுத்துப் போட்டு வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அப்புறம்?” என்றார். “வேற என்னல்லாம் பண்ணுவா? சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”